ஒரே லேத், ஒரே கை, வேறு வேறு பளபளப்பு

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 நெருங்க நெருங்க, கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி, திருவாரூர் வரை சாலையோர லேத் பட்டறைகளில் வேலை குவிந்துவிடும். குறுவைக்கு முன் போர்வெல் பம்பு ஓடியாக வேண்டும். டிராக்டர் கலப்பையின் இணைப்புப் பின்களும் புஷ்களும் தேய்ந்திருக்கும். அரிசி ஆலைக்காரர் உடைந்த புல்லியோடு வந்து நிற்பார். ஒரே டர்னர், ஒரே லேத். காலையில் ஒரு பித்தளைத் துண்டைக் கடைகிறார், முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பு வருகிறது. மதியம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் (எஸ்.எஸ்.) ஷாஃப்ட் ஏறுகிறது, டூல் முனை கருகி, மேற்பரப்பு வரி வரியாக மங்கிப் போகிறது. மாலையில் ஒரு மைல்டு ஸ்டீல் பின், அது பிய்த்து எடுத்த மாதிரி சொரசொரப்பாக வருகிறது. "காலையில் போட்ட மாதிரி இதையும் போட்டுத் தரக் கூடாதா?" என்று வாடிக்கையாளர் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் பதிலின் பெரும்பகுதி டர்னரின் கையில் இல்லை, லேத்தின் பிடியான சக்கில் மாட்டியிருக்கும் ராடுக்குள் இருக்கிறது.

டெல்டாவுக்கு லேத் நேற்று வந்த பொருள் அல்ல. பொன்மலை ரயில்வே பணிமனைக்கு முன்னால் தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்தில்தான் இருந்தது. 1920களில்தான் அது பொன்மலைக்குப் போனது. அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே உலோகத்தை வார்த்து, செதுக்கி, மெருகேற்றும் கை இந்த மண்ணில் இருந்தது. கைத்திறனுக்கு இங்கே பஞ்சமில்லை. பஞ்சம் வேறொன்றுக்கு: வேலை கொடுப்பவரும் வாங்குபவரும் அளவைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள், எந்த உலோகம் என்று ஒரு நிமிடம் கூடப் பேச மாட்டார்கள். பட்டறை வாசலில் நடக்கும் தகராறுகளில் பாதி அந்த ஒரு நிமிடம் பேசாததால் வருகிறது என்பது என் எண்ணம்.

மேற்பரப்பு என்றால் என்ன அளவு

முதலில் மேற்பரப்பை எப்படி அளக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். கடைந்த எந்த ஷாஃப்டையும் பெரிதாக்கிப் பார்த்தால் நெருக்கமான வரப்புகள் தெரியும். டூல் ஒரு சுற்றுக்கு எவ்வளவு நகர்ந்ததோ அந்த இடைவெளியில் மேடும் பள்ளமும் மாறி மாறி வரும். நடுக்கோட்டிலிருந்து இவை சராசரியாக எவ்வளவு விலகுகின்றன என்பதைத்தான் ஆர்.ஏ. என்ற எண்ணால் சொல்கிறார்கள். அலகு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இந்த மேட்டின் உயரத்தைக் காகிதத்திலேயே கணக்கிடலாம். ஃபீடை, அதாவது டூல் ஒரு சுற்றுக்கு நகரும் தூரத்தை, அதே எண்ணால் பெருக்கி, டூல் மூக்கின் ஆரத்தைப் போல் எட்டு மடங்கால் வகுத்தால் மேட்டின் மொத்த உயரம் வரும். மூக்கு ஆரம் 0.8 மி.மீ., ஃபீட் சுற்றுக்கு 0.2 மி.மீ. என்றால் உயரம் சுமார் 6 மைக்ரான். ஃபீடைப் பாதியாகக் குறைத்து 0.1 ஆக்கினால் உயரம் நான்கில் ஒரு பங்காகி 1.5 மைக்ரானுக்கு வந்துவிடும். ஃபினிஷிங் கட்டில், அதாவது கடைசியாக மெல்லிதாகச் சீவும்போது, ஃபீடைக் குறைப்பதற்கும், டூல் மூக்கை லேசாக உருட்டிச் சாணை பிடிப்பதற்கும் இதுதான் காரணம்.

இந்தக் கணக்கில் உலோகத்தின் பெயரே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். பித்தளையோ எஸ்.எஸ்.ஸோ, காகிதத்தில் ஒரே விடைதான். நிஜத்தில் பித்தளை அந்த எண்ணை ஏறக்குறைய எட்டிப் பிடிக்கும். மைல்டு ஸ்டீல் அதைவிடப் பல மடங்கு சொரசொரப்பாக வந்து நிற்கும். காகிதத்துக்கும் லேத்துக்கும் நடுவில் உள்ள அந்த வித்தியாசம் முழுக்க உலோகத்தின் குணத்திலிருந்தும் இயந்திரத்தின் அதிர்விலிருந்தும் வருகிறது.

சரி, கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால் என்ன கெட்டுவிடும்? நிறைய கெடும். பேரிங் உட்காரும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மைக்ரோமீட்டர் மேடுகளின் உச்சியைத்தான் தொடுகிறது. பக்கத்துக்கு 10 மைக்ரான் மேடு இருந்தால் விட்டத்தில் 20 மைக்ரான் வெறும் முகடு. பேரிங்கை அடித்து ஏற்றும்போது அந்த முகடுகள் நசுங்கும். அளவு பார்த்தபோது டைட்டாக இருந்த ஷாஃப்ட் சில வாரத்தில் லூஸாகி, உள் வளையம் ஷாஃப்டின் மேலேயே சுற்ற ஆரம்பிக்கும். ஆக, மேற்பரப்பு சரியில்லாத இடத்தில் அளவு சரியாக இருந்தது என்று சொல்வதில் பொருளே இல்லை. ஆயில் சீல் உட்காரும் இடமோ இன்னும் நுணுக்கமானது. அங்கே பொதுவாக 0.2 முதல் 0.8 மைக்ரான் ஆர்.ஏ. கேட்பார்கள். அதோடு டூல் விட்டுப்போன சுருள் வரி இருக்கவே கூடாது. இருந்தால் அது ஒரு மரையைப் போல வேலை செய்து எண்ணெயை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். சீலை எத்தனை முறை மாற்றினாலும் ஒழுகல் நிற்காது.

பித்தளை ஏன் இவ்வளவு நல்ல பிள்ளை

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நாச்சியார்கோவிலின் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடு உண்டு. அடித்தட்டு, தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் அல்லது பிரபை என்று தனித்தனியாக மண் அச்சில் வார்த்து, கடைந்து, மரை போட்டு ஒன்றோடொன்று பூட்டுவார்கள். காவிரிப் படுகையின் வண்டல் அச்சுக்கு வாகாக இருப்பது அங்கே இந்தத் தொழில் வேர்விட ஒரு காரணம். வார்ப்பு முடிந்ததும் கடைசலில் வரும் மினுமினுப்புக்குக் காரணம் பித்தளையின் உள்ளே இருக்கிறது.

பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. கடைவதற்கென்றே செய்யப்படும் பித்தளை ராடில் மூன்று சதவீதம் அளவுக்குக் காரீயமும் இருக்கும். காரீயம் பித்தளையில் கரையாது. நுண்ணிய உருண்டைகளாக எங்கும் சிதறி நிற்கும். டூல் முனை வந்து மோதும்போது ஒவ்வொரு உருண்டையும் சீவல் முறிவதற்கான ஒரு பலவீனமான புள்ளி. அதனால் நீளச் சுருளாக வராமல் பொடிப் பொடியாக உதிரும். அதே காரீயம் டூலுக்கும் உலோகத்துக்கும் நடுவில் வழவழப்பைக் கொடுக்கும். வெட்டும் விசை குறைவு, சூடு குறைவு, அந்தச் சூட்டையும் பித்தளை வேகமாகக் கடத்திவிடும். எந்த உலோகம் எவ்வளவு எளிதாக வெட்டுப்படும் என்று ஒப்பிடும் பட்டியலில் இந்தக் காரீயப் பித்தளைக்குத்தான் 100 மதிப்பெண் கொடுத்து, மற்ற செம்புக் கலவைகளை அதோடு ஒப்பிடுகிறார்கள்.

ஆனால் பித்தளை என்ற ஒரே பெயரை நம்பிவிடக் கூடாது. கும்பகோணத்துப் பாத்திரக் கடையில் இருக்கும் குடமும் தவலையும் தகட்டிலிருந்து உருவாவதற்கு வேறு ஜாதிப் பித்தளை வேண்டும். எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம், காரீயம் கிட்டத்தட்ட இல்லை. அது நன்றாக இழுபடும், குழியும், கிழியாது. அந்தக் குணமே லேத்தில் தொல்லை. சுருள் முறியாமல் நீண்டு டூலைச் சுற்றிக்கொள்ளும், முகத்தில் வழிந்து ஒட்டும். பழைய பாத்திரத்தை உருக்கி வார்த்த துண்டும் கடைசலுக்கென்றே வரும் ராடும் ஒன்று போல வராததற்குக் காரணம் இதுதான். வார்ப்பில் காற்றுத் துளை இருந்தால் அது தனிக் கதை. மேல் தோலை எடுத்தபின்தான் துளைகள் கண்ணுக்குத் தெரியும். எவ்வளவு மெருகு போட்டாலும் அது மறையாது.

பித்தளைக்கு டூலைச் சாணை பிடிக்கும் விதமும் வேறு. எஃகுக்குப் பிடிப்பது போல முகத்தைச் சரித்துக் கூராக்கினால் டூல் உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் குத்திவிடும். முகம் சமமாகவே இருக்க வேண்டும். அனுபவமுள்ள டர்னர் பித்தளைக்கென்று ஒரு டூலைத் தனியாக எடுத்து வைத்திருப்பார்.

சுவாமிமலையில் மெழுகு வார்ப்பில் எடுக்கும் பஞ்சலோகச் சிலையை லேத்தில் ஏற்ற வழியில்லை, உளியும் அரமும்தான். அங்கேயும் அதே விதிதான் ஆள்கிறது. கலவையில் பெரும்பகுதி செம்பு. வெறும் செம்பு மிருதுவானது, அரத்தின் பல்லுக்குள் அப்பிக்கொள்ளும், உளிக்கு முன்னால் நசுங்கி விலகும். அதில் சேரும் பித்தளையும் கொஞ்சம் காரீயமும் வார்ப்பு நன்றாக ஓடுவதற்கு உதவுவதோடு, பிறகு செதுக்கும் கைக்கும் உதவுகின்றன.

மிருதுவானது எளிதாக வெட்டுப்படும் என்ற நம்பிக்கை

இந்த நம்பிக்கை மைல்டு ஸ்டீலிடம் உடைகிறது. திருவையாற்று அசோகா அல்வாவைக் கத்தியால் வெட்டிப் பாருங்கள், கத்தியில் பாதி ஒட்டிக்கொண்டு வரும், வெட்டிய முகம் கிழிந்திருக்கும். கார்பன் குறைந்த மைல்டு ஸ்டீலும் மெதுவான வேகத்தில் அப்படித்தான். அழுத்தத்திலும் சூட்டிலும் உலோகத்தின் ஒரு சிறு துணுக்கு டூல் முனையில் பற்றவைத்தது போல ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகு வெட்டுவது டூல் அல்ல, அந்தத் துணுக்கு. அது வளர்ந்து, உடைந்து, பாதி சீவலோடு போய், பாதி ஷாஃப்ட் மேலேயே அப்பி நிற்கும். கையால் தடவினால் முள் முள்ளாக இடறுவது அதுதான்.

வேகத்தைக் கூட்டினால் இந்த ஒட்டல் மறைந்துவிடும். டெல்டாவின் பழைய பெல்ட் லேத்துகளில் இதில்தான் சிக்கல். 25 மி.மீ. ராடை நிமிடத்துக்கு 400 சுற்றில் ஓட்டினால் வெட்டும் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 31 மீட்டர். ஒட்டல் சுகமாக வளரும் இடம் அது. அதே 400 சுற்றில் 75 மி.மீ. ஷாஃப்ட் என்றால் வேகம் 94 மீட்டர். ஒரே ஷாஃப்டில் பெரிய விட்டம் மின்னுவதும், ஓரத்துச் சின்னப் படி மட்டும் மங்கிச் சொரசொரப்பதும் இதனால்தான். டர்னர் அங்கே அக்கறை குறைந்து வேலை செய்ததாக நினைக்க வேண்டியதில்லை. சின்ன விட்டத்துக்கு லேத்தில் வேகம் போதவில்லை. அப்போது டூலை நன்றாகக் கூராக்கி, கட்டிங் ஆயில் தாராளமாக விட்டு, கட்டின் ஆழத்தைக் குறைப்பதுதான் வழி.

இதில் இன்னொரு வழியும் உண்டு: உலோகத்தையே மாற்றுவது. 0.4 சதவீதம் கார்பன் உள்ள ஈ.என்.8 ரக எஃகு, மைல்டு ஸ்டீலைவிடக் கடினமானது. ஆனாலும் ஃபினிஷ் மேலானது, ஏனென்றால் அது அவ்வளவு வழிந்து ஒட்டாது. பலத்துக்கும் அதுதான் நல்லது. பலம் பெரிதாகத் தேவைப்படாத சின்னச் சின்ன உருப்படிகளுக்குக் கந்தகம் சேர்த்த ஈ.என்.1ஏ இருக்கிறது. பித்தளையில் காரீயம் செய்யும் வேலையை இதில் மாங்கனீஸ் சல்பைடு செய்கிறது. சீவல் தானாக முறியும், முகம் வழவழப்பாக வரும். ஆனால் அதை வெல்டிங் செய்யப் போனால் விரிசல் விடும். எல்லாவற்றுக்கும் நல்லது என்று ஒரு உலோகம் கிடையாது.

எஸ்.எஸ்., கடலோரம், காந்தம்

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போனால் கதை எஸ்.எஸ். பக்கம் திரும்பிவிடும். நிலத்தடி நீர் உப்பு, காற்றும் உப்பு. படகின் புரொப்பல்லர் ஷாஃப்ட், இறால் குட்டையில் காற்றுக் கலக்கும் சக்கரத்தின் தண்டு, போர்வெல் பம்பின் ஷாஃப்ட் எல்லாவற்றுக்கும் எஸ்.எஸ். கேட்பார்கள். கேட்பது சரிதான். அதைக் கடைவதுதான் கடினம்.

எஸ்.எஸ்.304 என்ற ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. அதன் இரண்டு குணங்கள் டர்னரைப் பாடாய்ப் படுத்தும். முதலாவது, வெட்ட வெட்ட இறுகுவது. டூல் அழுத்திய இடத்தில் மேல்தோல் மாறிப் பழைய உலோகத்தைவிடக் கணிசமாகக் கடினமாகிவிடும். அடுத்த சுற்றில் டூல் அந்தக் கடினத் தோலின் மேலேயே தேய்த்தால் இன்னும் இறுகும், டூல் மழுங்கும், மழுங்கிய டூல் மேலும் தேய்க்கும். அதனால் எஸ்.எஸ்.ஸில் ஃபினிஷிங் கட்டுக்கு 0.05 மி.மீ. மட்டும் மிச்சம் வைத்துத் தடவி எடுக்கலாம் என்ற எண்ணம் வேலைக்கு ஆகாது. இறுகிய தோலுக்கு அடியில் டூல் இறங்கும்படி கட்டும் ஃபீடும் இருக்க வேண்டும். நடுவில் ஃபீடை நிறுத்தி டூலை அதே இடத்தில் சுழல விடவும் கூடாது. மற்ற உலோகங்களில் கடைசிக் கட்டைக் குறைத்துக் குறைத்துப் பழகிய கைக்கு இது நேர் எதிரானது. எஸ்.எஸ். பல பட்டறைகளில் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான்.

இரண்டாவது குணம் சூடு. மைல்டு ஸ்டீல் சூட்டைக் கடத்துவதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் 304 கடத்தும். வெட்டும் இடத்தில் பிறக்கும் சூடு உலோகத்துக்குள் ஓடாமல் டூல் முனையிலேயே தங்குகிறது. ஹைஸ்பீடு ஸ்டீல் பிட் என்றால் வேகத்தை நன்றாகக் குறைக்க வேண்டும், கூலண்ட் இடைவிடாமல் ஓட வேண்டும். கார்பைடு டூலும் கெட்டியான லேத்தும் இருந்தால் வேகத்தைக் கூட்டலாம்.

கடையில் எஸ்.எஸ். வாங்கும்போது காந்தம் வைத்துப் பார்ப்பது நம் ஊர் வழக்கம். காந்தம் ஒட்டாவிட்டால் 304 என்று நம்பிவிடுகிறார்கள். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிய 200 வரிசை எஸ்.எஸ்.ஸிலும் காந்தம் ஒட்டாது. அது 304ஐவிட அதிகமாக இறுகும், உப்புத் தண்ணீரில் சீக்கிரம் துருப்பிடிக்கும். மறுபக்கம், நல்ல 304ஐயே குளிர்நிலையில் இழுத்து வளைத்திருந்தால் லேசாகக் காந்தம் பிடிக்கும். பம்பு ஷாஃப்டுக்குப் பரவலாகப் பயன்படும் 410 காந்தத்தில் நன்றாகவே ஒட்டும், அது போலி அல்ல. காந்தம் சொல்லும் சாட்சி இந்த அளவுதான். கடல் தண்ணீர் நேரடியாகப் படும் இடத்துக்கு 304 கூடப் போதாது, இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினம் சேர்ந்த 316 வேண்டும். அங்கே மேற்பரப்பும் உயிர்நாடி. சொரசொரப்பான பள்ளங்களில் உப்பு தங்கி, அங்கிருந்துதான் குழி அரிக்க ஆரம்பிக்கும். வழவழப்பாகக் கடைந்து மெருகிட்ட 316 அதே உலோகத்தின் கரடுமுரடான துண்டைவிட நீண்ட நாள் தாங்கும்.

காஸ்ட் அயர்னைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது அதிகம் தொல்லை தராத உலோகம். உள்ளே செதில் செதிலாகக் கிராஃபைட் இருப்பதால் சீவல் தூளாக உதிரும், கூலண்ட் இல்லாமலே வெட்டலாம், அதிர்வையும் அது விழுங்கிவிடும். எச்சரிக்கை ஒன்றுதான்: வார்ப்பின் மேல்தோலில் மணலும் சீக்கிரம் குளிர்ந்து இறுகிய அடுக்கும் இருக்கும். முதல் கட்டை அந்தத் தோலுக்கு அடியில் ஆழமாகப் போட்டுவிட வேண்டும். தடவித் தடவி எடுத்தால் டூல் போய்விடும்.

வெல்டிங் ஏற்றிக் கடையும் ஷாஃப்ட்

டெல்டாவின் லேத் வேலையில் புதிதாகச் செய்வதைவிடத் தேய்ந்ததைச் சரிசெய்வதே அதிகம். அறுவடை இயந்திரத்தின் ஷாஃப்ட் பேரிங் இடத்தில் தேய்ந்துவிடும். வெல்டிங் வைத்து ஏற்றி, மறுபடி அளவுக்குக் கடைவார்கள். புது ஷாஃப்டுக்குக் காத்திருந்தால் அறுவடை நிற்கும், மழை வரும். ஆகவே இந்த வேலையின் தேவை எனக்குப் புரிகிறது. ஆனால் ஃபினிஷ் மிக மோசமாக வருவதும் இதில்தான், அந்த ஷாஃப்ட் மறுபடி அதே இடத்தில் உடைவதும் இதில்தான்.

அந்த ஷாஃப்ட் பெரும்பாலும் ஈ.என்.8 அல்லது அதைவிட உயர்ந்த எஃகு. 0.4 சதவீதம் கார்பன் உள்ள எஃகைச் செஞ்சூடாக்கி வேகமாகக் குளிரவிட்டால் அது இறுகிப்போகும். தண்ணீரில் முக்கத்தான் வேண்டும் என்பதில்லை. தடித்த ஷாஃப்டின் மேல் சின்னதாக ஒரு வெல்டிங் கோடு போட்டால், பக்கத்தில் உள்ள குளிர்ந்த உலோகமே அந்தச் சூட்டை நொடியில் உறிஞ்சிவிடும். வெல்டிங்கும் பழைய உலோகமும் சேரும் ஓரத்தில் ராக்வெல் என்ற கடின அளவில் 50ஐத் தாண்டிய ஒரு வளையம் உருவாகிவிடும். மேலே ஏற்றிய உலோகமோ மிருது. டூல் மிருதுவான இடத்தில் வெட்டிக்கொண்டே வந்து திடீரென்று இந்த வளையத்தில் மோதும். முனை உடையும், அல்லது பின்வாங்கும். பின்வாங்கிய இடத்தில் ஷாஃப்ட் தடிக்கும். இதோடு வெல்டிங் கோடுகளின் மேடு பள்ளத்தில் டூல் விட்டு விட்டு அடி வாங்கும். உள்ளே சிக்கிய கசடு வேறு கூரை மழுக்கும். கடைசியில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மினுக்கிக் கொடுப்பார்கள். மினுக்கம் இருக்கும், உருண்டை வடிவம் இருக்காது.

செய்ய வேண்டியது பெரிய செலவில்லாத காரியம். வெல்டிங்குக்கு முன் ஷாஃப்டை 150 முதல் 250 டிகிரி வரை சீராகச் சூடாக்க வேண்டும். ஈரம் இல்லாத, ஹைட்ரஜன் குறைந்த வெல்டிங் ராடு பயன்படுத்த வேண்டும். மழைக்காலத்தில் திறந்து கிடந்த ராடு பெட்டியை அப்படியே எடுக்கக் கூடாது, அந்த ஈரத்திலிருந்து போகும் ஹைட்ரஜன் மறுநாள் விரிசலாக வரும். ஒவ்வொரு கோட்டுக்கும் கசடைத் தட்டி எடுக்க வேண்டும். முடித்ததும் காற்றாடிக்கு முன்னால் வைக்காமல் மெதுவாக ஆறவிட வேண்டும். இதற்கு நம் ஊரில் அருமையான பொருள் சும்மா கிடைக்கிறது: உமிச்சாம்பல். எஃகு ஆலைகளில் உருகிய எஃகின் மேல் சூடு போகாமலிருக்கத் தூவுவதே இதைத்தான். அரிசி ஆலையில் மலையாகக் கிடக்கும் சாம்பலில் ஷாஃப்டைப் புதைத்து இரவு முழுக்க விட்டால், முன்சூட்டோடு சேர்ந்து அந்தக் கடின வளையத்தின் தொல்லையும் விரிசலும் குறையும். காலையில் கடையும்போது வித்தியாசம் டூலின் சத்தத்திலேயே தெரியும். இன்றைக்கே வேண்டும் என்று வாசலில் நிற்பவருக்கு இதை விளக்க வேண்டியிருப்பதுதான் பட்டறைக்காரரின் கஷ்டம்.

அதே உமியின் இன்னொரு முகமும் உண்டு. உமியில் ஐந்தில் ஒரு பங்கு வரை சிலிக்கா, அதாவது மணலின் சாரம். நெல் படும் எந்த உலோகத்தையும் அது அராவும். அரிசி ஆலையின் உமி நீக்கும் பாகங்களுக்குச் சில்டு காஸ்ட் அயர்ன் (வேகமாகக் குளிரவைத்து இறுக்கிய வார்ப்பிரும்பு) போன்ற கடின வார்ப்பு பயன்படுவது அதனால்தான். அந்த அளவு கடினத்தைச் சாதாரண டூல் தொட முடியாது, கிரைண்டிங்தான். பேரிங் எஃகான ஈ.என்.31ஐச் சூடாக்கி இறுக்கினால் ராக்வெல் 60ஐத் தாண்டும், அதற்கும் இதே நிலைதான். இறுக்குவதற்கு முன்பே ஏறக்குறைய அளவுக்குக் கடைந்து, இறுக்கியபின் நெளிந்ததைக் கிரைண்டிங்கில் எடுக்கும்படி மிச்சம் வைக்க வேண்டும்.

அளவு ஏன் வீட்டுக்குப் போனதும் மாறுகிறது

உலகம் முழுக்க நீள அளவுகளுக்கு ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி. தஞ்சாவூரில் மே மாத மதியத்தில் தகரக் கூரைப் பட்டறைக்குள் அதைவிட எவ்வளவு கூட இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நல்லவேளையாக, மைக்ரோமீட்டரும் உருப்படியும் ஒரே சூட்டில் இருந்தால், இரண்டும் எஃகு என்றால், பெரிய பிழை வராது. பிழை வருவது கடைந்த சூட்டோடு அளக்கும்போது. 50 மி.மீ. பித்தளை புஷ் மைக்ரோமீட்டரைவிட 40 டிகிரி சூடாக இருந்தால் 38 மைக்ரான் பெருத்திருக்கும். அந்த அளவுத் துளைக்கு வழக்கமாகக் கேட்கும் எச்.7 என்ற அளவு வரம்பே மொத்தம் 25 மைக்ரான்தான். அலுமினியம் இன்னும் அதிகம் விரியும். எஸ்.எஸ்.304 சாதாரண எஃகைவிட ஒன்றரை மடங்கு விரியும், சூட்டையும் விடாது. ஆகவே கடைசிக் கட்டுக்கு முன் ஆறவிட்டு அளப்பவரை அவசரப்படுத்தக் கூடாது.

நீளமான ஷாஃப்ட் வளைவது இன்னொரு விஷயம். 25 மி.மீ. தடிமன், 600 மி.மீ. நீளமுள்ள எஃகு ராடை இரண்டு சென்டருக்கு நடுவில் பிடித்து, டூல் 10 கிலோ அளவுக்குத் தள்ளினால் நடுவில் 0.11 மி.மீ. விலகும். விட்டத்தில் அது 0.2 மி.மீ.க்கு மேல். நடுவில் தடித்து ஓரங்களில் மெலிந்து வரும். கடினமான எஃகு வாங்கினால் வளையாது என்று பலரும் நினைக்கிறார்கள். அது உண்மையில்லை. மைல்டு ஸ்டீலும் பலம் கூடிய ஈ.என்.24 எஃகும் விறைப்பில் ஏறக்குறைய ஒன்றுதான், பலத்தில்தான் வேறுபாடு. பித்தளையின் விறைப்பு அதில் பாதி, அலுமினியம் மூன்றில் ஒரு பங்கு. நீளம் இருமடங்கானால் வளைவு எட்டு மடங்கு. உலோகத்தை மாற்றித் தப்பிக்க முடியாத இடம் இது. ராடை நடுவில் தாங்கும் ஸ்டெடி போட்டுத்தான் ஆக வேண்டும்.

பிரைட் பார் என்ற ராடுக்கு ஒரு தனிக் குணம். குளிர்நிலையில் அச்சில் இழுத்து எடுத்ததால் மேல்தோலில் இறுக்கம் தேங்கியிருக்கும். சுற்றிலும் சமமாக இருக்கும்வரை நேராக நிற்கும். ஒரு பக்கம் மட்டும் கீவே (புல்லியைப் பூட்டும் கட்டை உட்காரும் காடி) வெட்டியதும் அந்தச் சமன் குலைந்து ஷாஃப்ட் வில்லாக வளையும். கீவேயை முதலில் வெட்டி, அப்புறம் கடைசி அளவுக்குக் கடைவது ஓரளவு காப்பாற்றும்.

பெயர் தெரியாத ராடை எப்படி அடையாளம் காண்பது? பழைய இரும்புக் கடையில் வாங்கிய லாரி ஆக்சிலோ, எங்கிருந்தோ வந்த ஷாஃப்டோ ஆனால் கிரைண்டிங் சக்கரத்தில் லேசாகப் பிடித்துப் பொறியைப் பார்ப்பது நம்பகமான முதல் சோதனை. மைல்டு ஸ்டீலில் நீளமான பொறி, ஓரத்தில் கொஞ்சம் பிரியும். கார்பன் ஏற ஏறப் பூ மாதிரி வெடிப்பது கூடும். காஸ்ட் அயர்னில் பொறி குட்டையாகச் சிவந்து மங்கும். பித்தளை, வெண்கலம், செம்பில் பொறியே வராது. அடுத்து ஒரு அரத்தால் இழுத்துப் பார்ப்பது. அரம் வழுக்கினால் மேல்தோல் இறுக்கப்பட்டது, லேத்தில் ஏற்றும் முன் யோசிக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகாது, விலை பேசுவதற்கு முன்பே செய்துவிடலாம்.

வரும் ஆண்டுகளில் பித்தளையின் குணமே மாறப்போகிறது. குடிநீர் படும் குழாய், வால்வுகளில் காரீயத்தைக் குறைக்கச் சொல்லும் சட்டங்கள் பல நாடுகளில் வந்துவிட்டன. அமெரிக்காவில் 2014 முதல் தண்ணீர் படும் பரப்பில் சராசரியாக 0.25 சதவீதத்துக்கு மேல் காரீயம் கூடாது. குடிக்கிற தண்ணீர் என்று வரும்போது அது மிகச் சரியான முடிவு, இங்கேயும் அந்த வேலைகளுக்குக் காரீயப் பித்தளையைத் தவிர்ப்பதே நல்லது. அதற்குப் பதிலாகச் சிலிக்கான் சேர்த்த பித்தளை கிடைக்கிறது. அதில் காரீய உருண்டைகளுக்குப் பதில் கடினமான நுண்துகள்கள் சீவலை முறிக்கின்றன. சீவல் முறியும், ஆனால் வழவழப்பு கிடைக்காது. வெட்டும் விசை கூடும், டூல் சீக்கிரம் தேயும். பழைய பித்தளைக்குப் போட்ட அதே வேகத்தையும் அதே கூலியையும் அதற்கும் எதிர்பார்க்க முடியாது.